எக்கோ ரிப்போர்ட் கைக்கு வந்ததும்: இதயத்தின் நான்கு அறைகளை அறிந்து வாசிக்க ஒரு முழு வழிகாட்டி

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையோரத்தில் எந்த ஊரிலும், யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் மஞ்சப்பைக்குள் ஒரு எக்கோ ரிப்போர்ட், அதாவது ஒலி அனுப்பி இதயத்தைப் பார்த்து எழுதிய தாள், இருக்கும். ராமநாதபுரத்திலோ மதுரையிலோ எடுத்தது. டாக்டர் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லி மாத்திரை எழுதியிருப்பார். வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது அதற்கு மேல் அவரால் பேச முடிவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் காலேஜ் படிக்கும் பேரனைக் கூப்பிட்டு அந்தத் தாளை வாசிக்கச் சொல்வார்கள். ‘டிஸ்ஃபங்ஷன்’ (செயல்பாட்டில் குறை) என்ற ஒரு சொல்லைப் பார்த்து வீடே கலங்கிப்போகும். கலங்க வேண்டிய வரி இரண்டு வரி தள்ளி இருக்கும். அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

நான் இதய வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். பாம்பன் பக்கம் பிறந்து வளர்ந்தவள். வார்டில் நாள்தோறும் பார்ப்பதை வைத்து ஒன்று உறுதியாகச் சொல்வேன்: இதயத்துக்குள் ரத்தம் போகும் பாதையை ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டால், ரிப்போர்ட்டில் முக்கால்வாசி தானாக விளங்கிவிடும். சொற்களை மனப்பாடம் செய்வது இரண்டாவது வேலை. அதனால் பாதையிலிருந்தே தொடங்குகிறேன். மருத்துவ முடிவை எடுப்பவர் உங்கள் டாக்டர்தான். அவரிடம் சரியான கேள்வி கேட்க இது உதவும்.

முதல் படி: மீன் அரியும்போது கவனியுங்கள்

அடுத்த முறை பாறையோ விளைமீனோ பெரிதாக ஒன்று வாங்கினால், செவுளைக் கழற்றும்போது அதற்குச் சற்றுப் பின்னால், தொண்டைக்கு அடியில் பாருங்கள். கருஞ்சிவப்பாக ஒரு சின்ன உறுப்பும் அதன் நுனியில் வெண்மையாக ஒரு குமிழும் தெரியும். அதுதான் மீனின் இதயம். அதில் ரத்தம் வந்து நிறையும் அறை ஒன்று, தள்ளும் அறை ஒன்று. தள்ளப்பட்ட ரத்தம் செவுளுக்குப் போய் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு, இதயத்துக்குத் திரும்பாமல் அப்படியே உடலுக்குப் போய்விடும். ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான் இதயத்தைத் தொடும்.

நமக்கு அது போதாது. செவுளின் மெல்லிய குழாய்களில் புகுந்து வெளிவரும்போது ரத்தத்தின் அழுத்தம் குறைந்துவிடும். மீனுக்கு அந்தக் குறைந்த அழுத்தம் போதும். நம் உடலுக்கு, நின்ற நிலையில் தலைக்கு ரத்தம் ஏற வேண்டும். ஓட வேண்டும், வலை இழுக்க வேண்டும். அதனால் நுரையீரலுக்குப் போன ரத்தம் மறுபடி இதயத்துக்கு வந்து, இன்னொரு முறை பலமாகத் தள்ளப்படுகிறது. நுரையீரலுக்குத் தள்ள இரண்டு அறை, உடலுக்குத் தள்ள இரண்டு அறை. ஆமைக்கு மூன்று அறை. கீழறை முழுதாகப் பிரிந்திருக்காது. நம் பாக் விரிகுடாவில் வாழும் ஆவுளியா (கடற்பசு) கடலிலேயே கிடந்தாலும் பாலூட்டி, நுரையீரலால் மூச்சு விடுவது. அதற்கும் நம்மைப் போலவே நான்கு அறை.

இரண்டாம் படி: ஓர் ஆட்டு இதயத்தை வாங்கி வெட்டிப் பாருங்கள்

படம் பார்த்துப் படித்த பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் மறந்துபோகும். கையில் பிடித்துப் பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது. கறிக்கடையில், “இருதயத்தை வெட்டாம, மேல இருக்குற குழாயோட முழுசாத் தாங்க பாய்” என்று சொல்லி வாங்குங்கள். சுகாதாரச் சோதனைக்காக ஒரு கீறல் இருந்தால் பரவாயில்லை. ஆட்டு இதயமும் மனித இதயமும் அமைப்பில் ஏறக்குறைய ஒன்றுதான். மனித இதயம் அவரவர் மூடிய கையளவு இருக்கும். எடை சுமார் 300 கிராம்.

கூர்முனை கீழே வரும்படி பிடியுங்கள். இரண்டு பக்கமும் விரலால் அமுக்குங்கள். ஒரு பக்கம் கெட்டியாக இருக்கும், இன்னொன்று அமுங்கும். கெட்டியானது இடது. முன்பக்கம் சாய்வாகக் கொழுப்பு நிறைந்த பள்ளம் ஒன்று இறங்கும். அதைச் சுரண்டினால் உள்ளே ரத்தக் குழாய் ஓடுவது தெரியும். மனிதருக்கு அதே இடத்தில் ஓடும் குழாய்க்குத்தான் எல்.ஏ.டி. என்று பெயர். இதயக் குழாய் அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் அதிகம் அடிபடும் பெயர் அது.

வெட்டும் முன் ஒரு சோதனை. மேலே இருக்கும் தடித்த வெள்ளைக் குழாய் பெருந்தமனி, அதாவது அயோர்டா. அதன் வாயில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே மூன்று மெல்லிய இதழ்கள் விரிந்து ஒன்றோடொன்று ஒட்டி, தண்ணீரைக் கீழே விடாமல் தேக்கும். வால்வு என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லிக்காட்ட முடியாது.

இப்போது அமுங்கும் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கத்தரியால் வெட்டித் திறங்கள். மேலே சுவர் மெலிந்த ஓர் அறை: வலது மேலறை. கீழே கொஞ்சம் தடித்த அறை: வலது கீழறை. இடையில் மூன்று இதழ் கொண்ட வால்வு. இதழ்களின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கி, கீழறைச் சுவரில் முளைத்த தசை முனைகளில் கட்டியிருக்கும். ஒரு நூலை இழுத்துப் பாருங்கள்; அவ்வளவு எளிதில் அறாது. கீழறை சுருங்கும்போது இதழ்கள் மேல்நோக்கிப் புரண்டுவிடாமல் பிடித்து நிறுத்துவது இந்த நூல்கள்தான். இடது பக்கத்திலும் இதே அமைப்புதான்; மாரடைப்பில் அங்கே தசைமுனை அறுந்து, ஒரே நிமிடத்தில் வால்வு முழுக்க ஒழுகத் தொடங்கிய நோயாளிகளை வார்டில் பார்த்திருக்கிறேன். நூல் மெலிதுதான், அதன் வேலை அவ்வளவு பெரிது.

பிறகு இடது பக்கம். மேலறையிலிருந்து முனை வரை வெட்டுங்கள். கத்தரி திணறும். வலது கீழறைச் சுவரைப் போல இது சுமார் மூன்று மடங்கு தடிமன். இங்கே மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வுக்கு இரண்டே இதழ்: மைட்ரல். அதன் முன் இதழுக்குப் பின்னால் விரலை விட்டு மேலே தள்ளினால், முன்பு தண்ணீர் ஊற்றிய பெருந்தமனி வழியாக விரல் வெளியே வரும். கடைசியாகப் பெருந்தமனியை நீளவாக்கில் பிளந்து, மூன்று இதழ்களுக்குச் சற்று மேலே பாருங்கள். இரண்டு சின்னத் துளைகள். ஈர்க்குச்சியை நுழைத்தால் உள்ளே போகும். இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகள் தொடங்கும் இடம் அது. உடல் முழுக்க ரத்தம் அனுப்பும் இதயம், தன் அறைக்குள் நிறைந்திருக்கும் ரத்தத்திலிருந்து தன் தசைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதில்லை. இந்தத் துளைகள் வழியாகத்தான் அதற்குச் சாப்பாடு. அடைப்பு என்று நாம் சொல்வது இவற்றில் வருவது.

மூன்றாம் படி: பாதையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

உடலில் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வரும் ரத்தம் மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது மேலறைக்கு வருகிறது. மூவிதழ் வால்வைக் கடந்து வலது கீழறை. அங்கிருந்து பல்மனரி வால்வு, நுரையீரல் தமனி, நுரையீரல். ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு நான்கு நுரையீரல் சிரைகள் வழியாக இடது மேலறை. மைட்ரல் வால்வைக் கடந்து இடது கீழறை. பிறகு அயோர்டிக் வால்வு, பெருந்தமனி, உடல். மறுபடி முதலிலிருந்து.

ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு. ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். வலது கீழறை தள்ளும் அழுத்தம் 25 மில்லிமீட்டர் பாதரசம் அளவு. இடது கீழறை தள்ளுவது 120. கையில் பி.பி. பார்க்கும்போது சொல்லும் மேல் எண் இந்த இடது கீழறையின் உழைப்புதான்.

இந்தப் பாதையோடு ஒரு விதியையும் சேர்த்து மனதில் வையுங்கள். எந்த இடத்தில் அடைபட்டாலும், தேக்கம் அதற்கு முந்தைய இடத்தில் வரும். பாம்பன் பாலத்தில் வண்டி நின்றால் மண்டபம் வரை தேங்குகிறதே, அதேதான். மைட்ரல் சுருங்கினால் இடது மேலறை வீங்கும். அதற்கும் முந்தையது நுரையீரல் என்பதால் அங்கே நீர் கோக்கும், மூச்சு வாங்கும், படுத்தால் இருமல் வரும், நடுராத்திரி எழுந்து உட்காரத் தோன்றும். வலது பக்கம் சோர்ந்தால் தேக்கம் உடலில்: கால் வீக்கம், வயிற்று உப்பல், கழுத்து நரம்பு புடைப்பது. மூச்சுத் திணறல் இடது பக்கத்தின் குரல், கால் வீக்கம் வலது பக்கத்தின் குரல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். இடது பக்கம் நீண்ட நாள் தேங்கினால் வலதும் சேர்ந்து சோரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான்காம் படி: எக்கோ என்ன செய்கிறது

விசைப்படகில் எக்கோ சவுண்டர் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒலி அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் கணக்கிடும் கருவி அது. நெஞ்சில் வைக்கும் எக்கோவும் அதே முறைதான். 1953-ல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் முதன்முதலாக இதயத்தை இப்படிப் பதிவு செய்தார்கள். அதற்கு அவர்கள் கடன் வாங்கியது, கப்பல் கட்டும் தளத்தில் உலோகப் பழுதைக் கண்டுபிடிக்க வைத்திருந்த ஒலிக் கருவி.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. எக்கோவில் கதிர்வீச்சு கிடையாது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கலாம், கைக்குழந்தைக்கு எடுக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். பயந்து தள்ளிப்போடும் குடும்பங்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: எழுத்துகளைப் பிரித்துப் படியுங்கள்

ரிப்போர்ட்டில் ‘எல்’ என்றால் இடது, ‘ஆர்’ என்றால் வலது. ‘ஏ’ என்றால் மேலறை (ஏட்ரியம், பள்ளிப் புத்தகத்தில் ஆரிக்கிள்), ‘வி’ என்றால் கீழறை (வென்ட்ரிக்கிள்). ஆக எல்.ஏ., எல்.வி., ஆர்.ஏ., ஆர்.வி. நான்கும் தெரிந்துவிட்டன. ஐ.ஏ.எஸ். மேலறைகளுக்கு நடுச்சுவர், ஐ.வி.எஸ். கீழறைகளுக்கு நடுச்சுவர், பக்கத்தில் ‘இன்டாக்ட்’ என்றிருந்தால் ஓட்டை இல்லை.

வால்வுகளுக்கு முதல் எழுத்து: எம் மைட்ரல், ஏ அயோர்டிக், டி ட்ரைகஸ்பிட் (மூவிதழ்), பி பல்மனரி. இரண்டாம் எழுத்து எஸ் என்றால் சுருக்கம் (ஸ்டெனோசிஸ்), ஆர் என்றால் ஒழுக்கு (ரிகர்ஜிடேஷன்). எம்.ஆர். என்றால் மைட்ரல் ஒழுகுகிறது, ஏ.எஸ். என்றால் அயோர்டிக் சுருங்கியிருக்கிறது. முன்னால் ட்ரிவியல், மைல்ட், மாடரேட், சிவியர் என்று ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்தான் முக்கியம். எழுத்தைப் பார்த்துப் பயப்படாமல் அதற்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

‘நோ கிளாட்’ என்றால் உள்ளே ரத்தக்கட்டி இல்லை. ‘நோ பி.இ.’ என்றால் இதயத்தைச் சுற்றிய உறைக்குள் நீர் இல்லை. ‘ஆர்.டபிள்யூ.எம்.ஏ.’ என்றால் சுவரின் ஏதோ ஒரு பகுதி மற்றவற்றோடு சேர்ந்து சுருங்கவில்லை. பெரும்பாலும் பழைய அல்லது புதிய மாரடைப்பின் தடம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வந்துபோயிருந்தாலும் இந்த வரியில் அது தெரியவரும்.

ஆறாம் படி: இ.எஃப்.

இந்த எண்ணில்தான் நிறையக் குழப்பம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பாம்பன் பெரியவர் ஒருவர், படகு வைத்திருந்தவர், வராண்டாவில் என்னை நிறுத்தி மெல்லக் கேட்டார்: “நூத்துக்கு அறுவதுதான் வேலை செய்யுதாமே தாயி, மிச்சம் நாப்பது போயிருச்சா?” அவர் கையில் இருந்தது முற்றிலும் இயல்பான ரிப்போர்ட். ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்திருந்தார்.

இடது கீழறை முழுதாக நிறையும்போது சுமார் 120 மில்லி ரத்தம் கொள்ளும். ஒரு துடிப்பில் 70 மில்லி வெளியே போகும், 50 உள்ளேயே தங்கும். எழுபதை நூற்றிருபதால் வகுத்தால் 58 சதவீதம். அதுதான் இ.எஃப்., எஜெக்ஷன் ஃப்ராக்ஷன். எந்த ஆரோக்கியமான இதயமும் நூறு சதவீதம் காலி செய்யாது. 55 முதல் 70 வரை இயல்பு என்று பொதுவாக எழுதுவார்கள். 41 முதல் 49 வரை லேசான குறைவு. 40 அல்லது அதற்குக் கீழே போனால் இதயம் பலவீனமாக இருக்கிறது, மருந்து ஒழுங்காக, தொடர்ந்து வேண்டும். 30-க்கும் கீழ் என்றால் கூடுதல் கவனம்.

இந்த எண் மாறும். சரியான மருந்தில் 30-லிருந்து 45-க்கு ஏறியவர்கள் உண்டு. நன்றாக இருக்கிறதென்று மாத்திரையை நிறுத்திவிட்டு மூச்சுத் திணறலோடு திரும்பி வருபவர்களும் உண்டு. இரண்டு எக்கோவுக்கு நடுவில் ஐந்து சதவீதம் கூடுவதும் குறைவதும் எடுத்தவரின் கைக்கணக்காகவும் இருக்கலாம். ஒரு எண்ணை வைத்து மகிழவோ இடிந்துபோகவோ வேண்டாம்.

கூடவே பார்க்க வேண்டியவை: எல்.வி. விரியும்போதைய அகலம் ஆண்களுக்கு 5.8 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 5.2-ஐயும் தாண்டினால் அறை பெரிதாகியிருக்கிறது. சுவர் தடிமன் 1.1-க்கு மேல் போனால் ‘எல்.வி.எச்.’ என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலும், பல ஆண்டு கவனிக்காத பி.பி.யை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தசை தடித்திருக்கிறது என்று பொருள். எல்.ஏ. சுமார் 4 சென்டிமீட்டர் வரை இயல்பு.

இ.எஃப். குறைந்தவர்களுக்கு நம் ஊரில் ஒரு பெரிய சோதனை கருவாடு. உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், ரத்தத்தின் கன அளவு கூடும், சோர்ந்த இதயத்துக்குச் சுமை ஏறும். உடல்நலம் உள்ளவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறவைத்துக் கழுவினால் கருவாட்டின் உப்பு குறையும், போகாது. “ஒரு துண்டுதானே” என்று சாப்பிட்டுவிட்டு மறுநாள் ஆம்புலன்ஸில் வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். பச்சை மீன் சாப்பிடுங்கள், தாராளமாக. கடல் கொடுத்த வரம் அது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விடுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சதை இல்லை, நீர்; உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஏழாம் படி: வால்வு வரிகள், குறிப்பாக எம்.எஸ்.

நம் நாட்டில் மைட்ரல் சுருக்கத்துக்குப் பெரும் காரணம் சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டை வலி வரும். அது தணிந்து இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல், முழங்கால், கணுக்கால் என்று ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்கு மாறும் வலி. கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கியது வால்வையே தாக்கிவிடுகிறது. மூட்டு சரியாகிவிடும். வால்வில் தழும்பு தங்கும், ஆண்டுக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும்.

மைட்ரலின் திறப்பு இயல்பாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். ரிப்போர்ட்டில் எம்.வி.ஏ. என்று இருப்பது இதுதான். 1.5-க்குக் கீழ் வந்தால் தீவிரம்.

கீழக்கரையிலிருந்து வந்த ஓர் இளம்பெண் நினைவுக்கு வருகிறார். முதல் கர்ப்பம், ஏழாம் மாதம். படி ஏறினால் மூச்சு, படுத்தால் இருமல். வீட்டில் எல்லோரும், “புள்ளத்தாச்சின்னா மூச்சு வாங்கத்தானே செய்யும்” என்றார்கள். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு நாற்பது ஐம்பது சதவீதம் கூடும், துடிப்பும் வேகமாகும். அதுவரை சுருங்கிய வால்வோடு சமாளித்த இதயம் அந்தச் சுமையில்தான் காட்டிக்கொடுக்கும். எக்கோவில் எம்.எஸ்., சிவியர். அவருடைய உம்மா ரிப்போர்ட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “சொல்லு மவளே, தாய்க்கும் புள்ளைக்கும் ஒண்ணும் ஆயிராதுல்ல?” என்று கேட்டார். தொடை நரம்பு வழியாகக் குழாய் செலுத்தி, மேலறை நடுச்சுவரைக் கடந்து, பலூனால் வால்வை விரித்தார்கள். ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1984-ல் வெளியிட்ட முறை அது. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, கர்ப்பத்திலும் செய்யலாம். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். கர்ப்பிணிக்குப் படுத்தால் மூச்சுத் திணறுகிறதென்றால் எக்கோ கேளுங்கள். தயங்காதீர்கள்.

ருமாட்டிக் என்று எழுதியிருந்தால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொல்வார்கள். வால்வில் பாதிப்பு தங்கியிருந்தால் குறைந்தது 10 ஆண்டு அல்லது 40 வயது வரை, இரண்டில் எது நீளமோ அதுவரை. கடலுக்குப் போகும் நாளிலோ கல்யாண வீட்டுக்குப் போகும் நாளிலோ ஊசி தவறும். ஒவ்வொரு தவறலும் மறு தாக்குதலுக்கு இடம் கொடுக்கிறது. பிள்ளைகளின் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கி மழுப்பாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

எட்டாம் படி: ஓட்டைகள்

ஏ.எஸ்.டி. மேலறைச் சுவரில் ஓட்டை, வி.எஸ்.டி. கீழறைச் சுவரில். பி.டி.ஏ. என்பது கருவில் இருந்த இணைப்புக் குழாய் பிறந்த பின்னும் மூடாதது. இடது பக்க அழுத்தம் அதிகம் என்பதால் ரத்தம் இடமிருந்து வலமாக ஒழுகும். நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் போகும். சின்ன வி.எஸ்.டி. பல தானே மூடிவிடும். ஏ.எஸ்.டி. நடுவயது வரை வெளியே தெரியாமலும் இருக்கும்.

குழந்தை பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தால், விட்டு விட்டுக் குடித்தால், எடை ஏறாவிட்டால், அடிக்கடி நெஞ்சுச் சளி வந்தால், உதடு நீலம் பாரித்தால் காட்டுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு இதைத்தான் தேடுகிறது. அன்று பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையில் இதய அறுவை சிகிச்சைகள் அடங்கும்.

ஒன்பதாம் படி: துடிப்பின் மின்சாரம்

வலது மேலறையின் மேல் மூலையில் எஸ்.ஏ. நோட் என்ற சின்னத் திசு இருக்கிறது. துடிப்பு அங்கே பிறந்து, நடுச்சுவருக்கு அருகே இருக்கும் ஏ.வி. நோட்டில் ஒரு கணம் தாமதித்து, கீழறைகளுக்குப் பரவுகிறது. அந்தத் தாமதம் இருப்பதால்தான் மேலறை காலியான பிறகு கீழறை சுருங்குகிறது. ஈசிஜி பதிவு செய்வது இந்த ஓட்டத்தை.

மைட்ரல் சுருக்கத்தாலோ பி.பி.யாலோ இடது மேலறை விரிந்தால், இந்த ஒழுங்கு கெட்டு மேலறை துடிக்காமல் நடுங்கத் தொடங்கும். ஏ.எஃப்., ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். நாடி பிடித்தால் தாளமே இருக்காது. நடுங்கும் அறையின் மூலையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை: அசிட்ரோம், வார்ஃபரின். இதைச் சாப்பிடுபவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனையைத் தவறவிடக் கூடாது, ஏ.எஃப்.க்கு 2 முதல் 3 வரை, செயற்கை வால்வுக்கு டாக்டர் சொல்லும் அளவு. முருங்கைக்கீரையை ஒரு வாரம் தினமும் சாப்பிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருந்தால் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். கீரையை விட வேண்டாம். அளவு ஒரே மாதிரி இருக்கட்டும். உடம்பு வலிக்கிறதென்று சொந்தமாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். கடல் தொழில் செய்பவராக இருந்தால் கூட வருபவர்களிடம் சொல்லி வையுங்கள். தூண்டில் முள்ளோ மீன் முள்ளோ கிழித்தால் உங்களுக்கு ரத்தம் சீக்கிரம் நிற்காது.

பத்தாம் படி: பயப்பட வேண்டாத வரிகள்

‘ட்ரிவியல் டி.ஆர்.’, ‘ட்ரிவியல் எம்.ஆர்.’: நல்ல ஆரோக்கியமான பலருக்கும் இருக்கும், நோயாகக் கணக்கில் வராது. ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’: வயது ஏற ஏற இடது கீழறைச் சுவர் கொஞ்சம் விறைப்பதால் மெதுவாக நிறைகிறது. அறுபதைத் தாண்டியவர்களின் ரிப்போர்ட்டில் சாதாரணமாக வரும். பி.பி.யும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆர்.வி.எஸ்.பி., அதாவது வலது கீழறை தள்ளும் அழுத்தம், 35 வரை பொதுவாக இயல்பு.

அந்த நிமிடம் வந்தால்

எக்கோ நன்றாக இருக்கிறதென்றால் மாரடைப்பே வராது என்று நினைக்காதீர்கள். அறைகளையும் வால்வையும் காட்டும் கருவி அது. கரோனரிக்குள் இருக்கும் அடைப்பை நேராகக் காட்டாது. நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை. பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வெறும் மூச்சுத் திணறலாகவோ மேல்வயிற்று எரிச்சலாகவோ வரலாம். வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில் தசை செத்துக்கொண்டிருக்கும்.

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை இன்னும் 115. நேரே மதுரைக்குக் கார் பிடிப்பதைவிட 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் அங்கேயும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் தவணை மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்; அடைப்பைக் கரைக்கும் ஊசி வேண்டுமா என்று ஈசிஜி பார்த்து முடிவு செய்வார்கள். கடலில் இருக்கும்போது வந்தால் வி.எச்.எஃப். சேனல் 16-ல் சொல்லுங்கள், சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554. நோயாளியை வேலை எதுவும் செய்ய விடாமல் சாய்த்து உட்கார வையுங்கள்.

மஞ்சப்பையில் இருக்க வேண்டியவை: முதல் எக்கோவிலிருந்து கடைசி எக்கோ வரை தேதி வரிசையில், ஆஞ்சியோ ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், காப்பீட்டு அட்டை. பழைய எக்கோ இல்லாமல் புதியதை மட்டும் பார்த்தால் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று டாக்டருக்குத் தெரியாது. ஈசிஜி தாள் வெப்பத்தில் அச்சாகும் தாள். நம் ஊர் வெக்கையில் சில வருடத்திலேயே கோடு மங்கிவிடும், லேமினேட் செய்தால் கறுத்துவிடும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு, போனில் ஒரு படமும் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.